புத்தகமா, தலையணையா?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: தேர்வுக்கு முந்தின ராத்திரி விழித்துப் படிப்பதா, தூங்குவதா. தேர்வுக் காலம் வந்தால் அப்படித்தான் ஆகும். வழக்கமான குடும்பச் சண்டை, முடி உதிர்வது, மேலதிகாரி தொல்லை எல்லாவற்றையும் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொண்டேன். யாருடைய பெயரையும் போடவில்லை. பாதிப் பேர் போட வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள், மீதிப் பேர் வீட்டில் திட்டு வாங்காமல் இருக்கட்டும்.

கேள்வி: அடுத்த வாரம் எனக்குப் பெரிய தேர்வு. பத்து யூனிட்டில் ஏழு நன்றாகத் தெரியும், ஒன்று அரைகுறை, இரண்டைத் தொடவே இல்லை. முந்தின நாள் ராத்திரி விடிய விடிய உட்கார்ந்தால் அந்த இரண்டையும் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். அக்கா, பேசாமல் தூங்கிவிட்டுப் போடா என்கிறாள். தூங்கினால் மார்க் வருமா சார்?

படிக்காததற்கு வராது தம்பி. படித்து வைத்திருக்கிறீர்களே ஏழு யூனிட், அதற்குரிய மார்க் முழுசாக வரவேண்டும் என்றால் தூங்கித்தான் ஆகவேண்டும்.

நானும் அந்தக் கணக்கைப் போட்டவன்தான். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. ராத்திரி எட்டு மணிக்கு உட்கார்ந்தால் காலை ஏழு வரை பதினோரு மணி நேரம், மணிக்கு இருபது பக்கம், ஆக மொத்தம் இருநூற்றிருபது பக்கம் என்று புத்தகத்தின் ஓரத்திலேயே பென்சிலால் எழுதி வைத்தேன். பன்னிரண்டு மணி வரைக்கும் கணக்கு ஒழுங்காகப் போனது. ஒன்றரைக்கு ஒரே பத்தியை நான்காவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தேன். மூன்று மணிக்குப் படிப்பதையே நிறுத்திவிட்டு எல்லா வரியையும் மஞ்சள் பேனாவால் பூசிக்கொண்டிருந்தேன், அதுவும் ஒரு வேலைதானே. காலையில் கேள்வித்தாளைப் பிரித்ததும் முதல் கேள்விக்குரிய பக்கம் அப்படியே கண் முன்னால் வந்து நின்றது, இடது பக்கம், மேலே ஒரு படம், படத்துக்குக் கீழே மூன்று பத்தி. எல்லாம் வந்தது, எழுத்து மட்டும் வரவில்லை. அதுகூடப் பரவாயில்லை, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன் என்று நினைத்திருந்த ஒரு கணக்கில் கூட்டலில் கோட்டை விட்டேன் பாருங்கள், அதைத்தான் இன்றுவரை மறக்க முடியவில்லை.

ஏன் அப்படி ஆனது என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. புதிதாகப் படிப்பதை முதலில் வாங்கிக்கொள்வது மூளைக்குள் இருக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற சின்னப் பகுதி, கடல்குதிரை மாதிரி வளைந்திருப்பதால் அந்தப் பெயர். அது நிரந்தரக் கிடங்கு இல்லை, சாமான் வந்து இறங்கும் இடம். அங்கிருந்து எடுத்து உள்ளே அடுக்கும் வேலை பெரிய அளவில் நடப்பது நாம் ஆழ்ந்து தூங்கும்போது. வில்சன், மெக்நாட்டன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் எலிகளை வைத்துப் பார்த்து 1994-இல் எழுதினார்கள்: எலி விழித்துச் சுற்றித் திரிந்தபோது ஹிப்போகேம்பஸில் எந்தெந்தச் செல்கள் ஒன்றாக இயங்கினவோ, அதே செல்கள் அது தூங்கும்போதும் ஒன்றாக இயங்கின. எலி தூக்கத்தில் ரிவிஷன் பண்ணுகிறது என்று நான் சொன்னால் அவர்கள் முகம் சுளிக்கலாம், ஆனால் கிட்டத்தட்ட அதுதான்.

மனிதர்களை வைத்துச் செய்தது அதற்கும் வெகு முன்னால். 1924-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இருவர், இரண்டே இரண்டு மாணவர்களைப் பிடித்து, அர்த்தமே இல்லாத அசைகளை உருப்போட வைத்தார்கள். சில நாள் உடனே தூங்கவிட்டார்கள், சில நாள் விழித்திருக்க வைத்தார்கள், ஒரு மணி நேரத்திலிருந்து எட்டு மணி நேரம் வரை விட்டுவிட்டுக் கேட்டார்கள். தூங்கி எழுந்தபோதுதான் அதிகம் சொல்ல முடிந்தது. வெறும் இரண்டு பேரை வைத்துச் சொன்னது என்று தள்ளிவிடலாம்தான், ஆனால் இந்த நூறு வருஷத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகச் செய்து பார்த்தும் திரும்பத் திரும்ப அதே பக்கம்தான் சாய்கிறது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தூங்காவிட்டால் படித்தது அடுக்கப்படாமல் போவதோடு முடிவதில்லை, புதிதாக உள்ளே வாங்கும் வாசலும் பாதி சாத்திக்கொள்கிறது. ஆக நீங்கள் அதிகாலை மூன்று மணிக்கு அந்தத் தொடாத யூனிட்டைப் படிக்கும்போது, பகலில் ஒரு மணி நேரத்தில் ஏறுவது அப்போது ஏறாது. ஆனால் பக்கம் மட்டும் நகரும், அதனால் படித்துவிட்டோம் என்று தோன்றும்.

அப்புறம் தேர்வறைக்கு வருவோம். டாசன், ரீட் என்ற இருவர் 1997-இல் நேச்சர் இதழில் எழுதிய கணக்கு இது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கை-கண் ஒத்துழைப்பு, ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவர் அளவுக்குக் குறைந்துவிடுகிறது, 24 மணி நேரம் விழித்திருந்தால் சுமார் 0.10 சதவீதம். காலை ஏழுக்கு எழுந்தவருக்கு நள்ளிரவிலேயே 17 மணி நேரம் ஆகிவிடுகிறது. மறுநாள் காலை ஏழு மணிக்கு அவர் வண்டி ஓட்டக்கூடாத நிலையில் இருக்கிறார், நாம் அவர் கையில் வினாத்தாளைக் கொடுக்கிறோம்.

சரி, உங்கள் விஷயம். உங்களுக்கு முழுசாக ஒரு வாரம் இருக்கிறது, அதை விட்டுவிட்டு எதற்காகக் கடைசி ராத்திரியைப் பிடித்துத் தொங்குகிறீர்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. தொடாத இரண்டையும் இன்றைக்கும் நாளைக்கும் எடுத்துவிடுங்கள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு ராத்திரித் தூக்கமாவது கிடைக்கட்டும். முழு யூனிட்டும் வேண்டாம், தலைப்புகள், வரையறைகள், ஃபார்முலாக்கள், பழைய கேள்வித்தாளில் அடிக்கடி வந்தவை, அவ்வளவு போதும். கடைசி நாள் சாயங்காலம் புதிதாக எதையும் திறக்காதீர்கள். தெரிந்த ஏழையும் ஒவ்வொன்றாக, புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, வெள்ளைத் தாளில் ஞாபகம் இருப்பதை எழுதுங்கள். எழுதி முடித்தபிறகு திறந்து, விட்டுப்போனதை மட்டும் பாருங்கள். பத்து மணிக்கு மூடிவிடுங்கள். அக்காவுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

கேள்வி: ராத்திரிக் கண் விழிப்பது கெடுதல், அதிகாலை மூன்றரைக்கு எழுந்து படித்தால்தான் மனசில் பதியும் என்கிறார் அப்பா. அந்த நேரத்தில் என் தலையே நிற்பதில்லை. பதினேழு வயசு. நான் சோம்பேறியா?

இல்லை மகளே. பதின்ம வயதில் உடம்புக்குள் இருக்கும் கடிகாரமே கொஞ்சம் தள்ளிப்போகிறது. தூங்கும் நேரம் வந்தாச்சு என்று உடம்புக்குச் சொல்லும் மெலடோனின் உங்களுக்குப் பெரியவர்களைவிடத் தாமதமாகத்தான் சுரக்கும். அப்பாவுக்கு ஒன்பதரைக்கே கண் சொக்கும்போது நீங்கள் முழு விழிப்பில் இருப்பீர்கள், அதேபோல அவர் எழுந்து உட்கார்ந்திருக்கும் நேரம் உங்களுக்கு நட்ட நடு ராத்திரி. அவர் சொல்வது அவருடைய உடம்புக்கு ரொம்பச் சரி.

ஆனால் எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்று கேட்பவர்கள், எத்தனை மணிக்குப் படுத்தீர்கள் என்று கேட்பதே இல்லை. ஒன்பது மணிக்கெல்லாம் தூங்கிப்போகிறவர் நாலு மணிக்கு எழுந்தால் ஏழு மணி நேரம், தாராளமாகப் படிக்கட்டும். பன்னிரண்டுக்குப் படுத்து மூன்றரைக்கு எழுவது அதிகாலைப் படிப்பு இல்லை, தூக்கத்தை இந்தப் பக்கம் வெட்டாமல் அந்தப் பக்கம் வெட்டுகிறீர்கள், அவ்வளவுதான். தூக்கம் ஏறக்குறைய தொண்ணூறு நிமிடச் சுற்றுகளாகப் போகிறது. முதல் சுற்றுகளில் ஆழ்ந்த தூக்கம் அதிகம், விடியலை நெருங்க நெருங்கக் கனவுத் தூக்கம் அதிகம், மூடிய இமைக்குள் விழிகள் அங்குமிங்கும் ஓடுமே, அது. மூன்றரை மணி அலாரம் அந்தப் பின்பகுதியை மொத்தமாகத் துடைத்துவிடும். போதாததற்கு, ஆழ்ந்த தூக்கத்தின் நடுவில் பிடித்து எழுப்பப்பட்டால் அரை மணி நேரம் தலைக்குள் புகை மூட்டமாகவே இருக்கும், அந்த அரை மணியில் படித்ததெல்லாம் யாரோ படித்தது மாதிரிதான்.

தூக்கத்தில் மனப்பாடம் மட்டும்தான் கெட்டிப்படுகிறது என்றும் நினைக்க வேண்டாம். 2004-இல் ஜெர்மனியில் ஒரு சோதனை செய்தார்கள். எண் புதிர் ஒன்று, அதற்குள் யாருக்கும் சொல்லித்தராத குறுக்கு வழி ஒன்று ஒளிந்திருந்தது. கொஞ்சம் பழக்கிவிட்டு, ஒரு குழுவை எட்டு மணி நேரம் தூங்கவைத்தார்கள், மற்றவர்களை விழித்திருக்க வைத்தார்கள். குறுக்கு வழியைத் தாமாகவே கண்டுபிடித்தவர்கள் தூங்கியவர்களில் இரண்டு மடங்குக்கும் மேல். கணக்குப் பேப்பர் எழுதப்போகிறவர்கள் இந்தப் பத்தியைக் கொஞ்சம் மெதுவாகப் படியுங்கள்.

நீங்கள் பதினொன்றுக்குப் படுத்து ஏழுக்கு எழுங்கள். உங்கள் வயதுக்கு எட்டு மணி நேரமாவது வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். அப்பாவிடம் இந்தப் பக்கத்தைக் காட்டலாம். அவர் என்னைத் திட்டி எழுதினால் அதையும் வெளியிடுகிறேன்.

கேள்வி: என் நண்பன் ஒவ்வொரு பரீட்சைக்கும் ராத்திரி முழுக்க விழித்துத்தான் படிக்கிறான், அவன்தான் வகுப்பில் முதல். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

மூன்று விஷயம் தோன்றுகிறது. ஒன்று, அவன் வருஷம் முழுக்கப் படித்திருப்பான், அதை உங்களிடம் சொல்ல மாட்டான். இரண்டு, இரவு முழுக்கப் படித்தேன் என்று சொல்கிறவர்களில் நிறையப் பேர் பன்னிரண்டரைக்குப் படுத்தவர்கள். மூன்று, ஒருவேளை அவன் சொல்வது நிஜம் என்றே வைத்துக்கொண்டாலும், தூங்கியிருந்தால் இன்னும் எவ்வளவு வாங்கியிருப்பான் என்பது அவனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

கடைசி நேரப் புரட்டலில் பலனே இல்லை என்றும் நான் பொய் சொல்ல மாட்டேன். ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 2006-இல் காட்டியது இது. ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள், படித்துவிட்டு மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள், இருவரையும் ஐந்தே நிமிடத்தில் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது தலைகீழ். புரட்டலின் மயக்கமே இதில்தான் இருக்கிறது, அந்த ஐந்து நிமிட வெற்றியைத்தான் நாம் ‘ஏறிடுச்சு’ என்று நினைத்துக்கொள்கிறோம். தேர்வறை வாசலில் நின்று கடைசியாக ஒரு ஃபார்முலாவைப் பார்த்துவிட்டு உள்ளே போனதும் கேள்வித்தாளின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்கிறார்களே, அதற்கு அது உதவும். இரண்டு யூனிட்டுக்கு உதவாது.

கேள்வி: காபி குடித்தால் சமாளிக்க முடியாதா?

விழித்திருக்க முடியும், படிப்பு ஏறுவது வேறு. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும், அது சேரச் சேரத் தூக்கம் அழுத்தும். காபியில் இருக்கும் கஃபீன் அந்த அடினோசின் உட்காரும் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவுதான் அது செய்யும் வேலை. அடினோசின் எங்கும் போய்விடவில்லை, நின்றுகொண்டே காத்திருக்கும், கஃபீன் எழுந்ததும் மொத்தமாக வந்து உட்காரும். அந்த நேரம் பார்த்துத் தேர்வு பாதியில் இருக்கும். கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும், ஆளுக்கு ஆள் மாறும். ராத்திரி பத்துக்குக் குடித்ததில் பாதி அதிகாலை மூன்று மணிக்கும் உள்ளேதான் இருக்கிறது. மத்தியானத்தோடு நிறுத்திவிடுங்கள். தேர்வு அன்று காலை வழக்கமாகக் குடிப்பவர் வழக்கமான அளவு குடிக்கலாம், வழக்கமில்லாதவர் அன்றைக்குப் போய்த் தொடங்க வேண்டாம், கை நடுங்கும், நடுவில் பாத்ரூம் வரும்.

கேள்வி: நீங்கள் எல்லோரும் தூங்கு தூங்கு என்கிறீர்கள். படுத்தால் வந்தால்தானே? போன தேர்வுக்கு முந்தின ராத்திரி பத்தரைக்குப் படுத்தேன், இரண்டரை வரை புரண்டுகொண்டே இருந்தேன். தூங்காவிட்டால் எல்லாம் போச்சு என்று நினைக்க நினைக்க இன்னும் தூக்கம் வரவில்லை. அழுகைதான் வந்தது.

வந்ததிலேயே எனக்கு முக்கியமாகப் பட்ட கடிதம் உங்களுடையது. என்னைப் போன்றவர்கள் தூக்கத்தைப் பற்றி எழுதி எழுதியே உங்களைப் போன்றவர்களின் தூக்கத்தைக் கெடுக்கிறோமோ என்று ஒரு சந்தேகம் எனக்கு எப்போதும் உண்டு.

உங்களுக்காகவே ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் வேதியியல் வகுப்பு மாணவர்கள் கையில் தூக்கத்தை அளக்கும் பட்டையைக் கட்டி, ஒரு பருவம் முழுக்கப் பார்த்து, 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். தேர்வுக்கு முந்தைய அந்த ஒற்றை ராத்திரி எப்படித் தூங்கினார்கள் என்பதற்கும் வாங்கிய மார்க்குக்கும் தொடர்பு தெரியவில்லை. அந்த வாரமும் அந்த மாதமும் எவ்வளவு ஒழுங்காகத் தூங்கினார்கள் என்பதற்குத்தான் தொடர்பு தெரிந்தது. முதல் கேள்வி கேட்ட தம்பி இதைப் பிடித்துக்கொண்டு, அப்படியென்றால் நான் விழித்திருக்கலாமே என்று வரக்கூடும். வேண்டாம், அவர்கள் பார்த்தது வழக்கமாக மக்கள் தூங்கும் ஏற்ற இறக்கத்தை, வேண்டுமென்றே ஒரு நொடிகூடக் கண்ணை மூடாமல் இருப்பதை அல்ல. ஆனால் உங்களுக்கு இது பொருந்தும். பதற்றத்தில் ஒரு ராத்திரி தூக்கம் கெட்டால் ஒன்றும் குடி முழுகிப் போய்விடாது. அதற்கு முந்தின ஐந்தாறு ராத்திரிகள் உங்கள் கணக்கில் ஏற்கெனவே வரவு வைத்தாகிவிட்டது.

செய்து பார்க்கக்கூடியது ஒன்று இருக்கிறது. படுப்பதற்கு முன்னால் ஐந்து நிமிடம், நாளைக்குச் செய்யவேண்டியதை எல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள், பேனா இரண்டு, கால்குலேட்டர், நுழைவுச்சீட்டு, எத்தனை மணிக்குக் கிளம்புவது, எல்லாமே. இப்படி எழுதியவர்கள், முடித்த வேலைகளைப் பட்டியல் போட்டவர்களைவிடச் சராசரியாக ஒன்பது நிமிடம் சீக்கிரம் தூங்கிப்போனார்கள் என்று 2018-இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. ஒன்பது நிமிடம் பெரிய விஷயம் இல்லைதான், ஆனால் காலையில் நுழைவுச்சீட்டைத் தேடாமல் இருப்பது பெரிய விஷயம். அரை மணி நேரமாகியும் வரவில்லை என்றால் படுக்கையிலேயே மல்லுக்கட்டாமல் எழுந்து, மங்கலான வெளிச்சத்தில் பாடத்துக்குச் சம்பந்தமில்லாத எதையாவது படித்துவிட்டு, கண் சொக்கும்போது வந்து படுங்கள். கடிகாரத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பி வையுங்கள். இன்னும் எத்தனை மணி நேரம் மிச்சம் என்று கழித்துப் பார்க்கிற வேலை இருக்கிறதே, அது தூக்கத்துக்கு எமன். போனும் வேறு அறையில் இருக்கட்டும், பதினொன்றரைக்கு நண்பர்கள் குழுவில் யாராவது ‘இந்தக் கேள்வி கட்டாயம் வருமாம்’ என்று ஒரு குண்டைப் போடுவார்கள். மாதக்கணக்கில் எல்லா இரவும் இப்படியே என்றால் மட்டும் ஒரு மருத்துவரைப் பாருங்கள், அது தேர்வோடு போகிற விஷயம் இல்லை.

கேள்வி: நாளை மறுநாள் தேர்வை வைத்துக்கொண்டு என் மகன் ஒன்பதரைக்கே போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறான். எனக்குத்தான் அடிவயிற்றைக் கலக்குகிறது. தட்டி எழுப்பட்டுமா?

எழுப்பாதீர்கள் அம்மா. நீங்களும் போய்ப் படுங்கள்.

கேள்வி: இப்போது மணி ராத்திரி 2.10. காலை பத்து மணிக்குத் தேர்வு. இன்னும் மூன்று பாடம் பாக்கி. மற்றவர்கள் தூங்கிவிட்டார்கள். உங்கள் பத்தி ஞாபகம் வந்து எழுதுகிறேன். என்ன செய்ய?

இது என் கைக்கு வருவதற்குள் உங்கள் தேர்வு முடிந்து, நீங்கள் நண்பர்களோடு விடையைச் சரிபார்த்து, சண்டையும் போட்டு முடித்திருப்பீர்கள். இருந்தாலும் அடுத்த முறை இதே 2.10-க்கு வேறு யாராவது இந்தப் பக்கத்தைத் திறப்பார்கள் என்பதால் சொல்கிறேன்.

பத்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று பாடத்தில் ஒன்றை முழுசாக மறந்துவிடுங்கள், அது உங்கள் சிலபஸிலேயே இல்லை. மற்ற இரண்டின் தலைப்புகளையும், தலைப்புக்கு ஒரு வரியையும் ஒரே தாளில் எழுதுங்கள். விளக்கை அணையுங்கள். இரண்டரைக்குத் தூங்கினால் ஏழரை வரை ஐந்து மணி நேரம், மூன்று சுற்று முழுசாக ஓடிவிடும். அலாரம் இரண்டு வையுங்கள், ஒன்று கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கட்டும், தூக்கக் கலக்கத்தில் அதை அணைத்துவிட்டுத் திரும்பப் படுத்தவன் கதை என்னிடம் இரண்டு இருக்கிறது. எழுந்ததும் முகம் கழுவி, நல்ல வெளிச்சத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து அந்த ஒரு தாளை மட்டும் பாருங்கள். புத்தகத்தைத் திறக்காதீர்கள், திறந்தால் அந்த மறந்த மூன்றாவது பாடம்தான் முதலில் கண்ணில் படும். உள்ளே போனதும் நன்றாகத் தெரிந்த கேள்வியிலிருந்து எழுதத் தொடங்குங்கள், அரைத்தூக்கத்தில் இருக்கும் மூளைக்குச் சூடேற அது ஒன்றுதான் வழி. சாயங்காலம் வீட்டுக்குப் போய் முதல் வேலையாகத் தூங்குங்கள், அடுத்த பேப்பரின் புத்தகத்தை எடுப்பதற்கு முன்னால்.

இவ்வளவும் சொன்னபிறகு ஒன்று கேட்கத் தோன்றுகிறது. 2.10-க்கு உட்கார்ந்து எனக்கு இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், அடித்தல் திருத்தல் இல்லாமல், அழகான கையெழுத்தில். இருபது நிமிடமாவது ஆகியிருக்கும். எந்தப் பேப்பர் என்றே அதில் சொல்லவில்லை. எப்படி எழுதினீர்கள்?